கூட்டிப் பெருக்கிய கரை

முன்பக்கம் கூடை வைத்த ஒரு லேடீஸ் சைக்கிள். கூடைக்குள் அளவு டேப், மடக்குக் குடை, அட்டைப்பூச்சிக்காக ஒரு பொட்டலம் உப்பு. மூணாறு பக்கத்து எங்கள் மலையில் அதற்கு முன் பெரியவர்கள் யாரும் சைக்கிள் ஓட்டி நான் பார்த்ததில்லை. ஜீப் உண்டு, கால் உண்டு, நடுவில் வேறொன்றும் கிடையாது. சுரிதார் காலைச் சாக்ஸுக்குள் திணித்துக்கொண்டு அந்தச் சைக்கிளைத் தள்ளியபடி ஒரு பெண் அணைக்கரையிலிருந்து மேலே ஏறி வந்ததுதான் ஓவர்சியர் மேடத்தைப் பற்றிய என் முதல் நினைவு. என் டீக்கடை வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே, "ஏனுங்கக்கா, ஒரு டீ போடுங்க. வர்ற வழில ரெண்டு எடத்துல எறங்கிட்டனுங்க. ரெண்டையும் மாத்தோணும்" என்றார். எதை மாற்ற வேண்டும், மலையையா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. ஆபீஸ் ஆட்களிடம் கேள்வி கேட்டு எனக்குப் பழக்கம் இல்லை.

அவர் எங்கள் பஞ்சாயத்துக்குப் புதிதாக வந்த ஓவர்சியர். பாலக்காட்டுப் பக்கம், கோவிந்தாபுரத்துக்காரர். கணவருக்கு அங்கே மாங்காய் மண்டியில் வேலை. ஒரே மகள், அப்போது ஆறாவதோ ஏழாவதோ படித்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் வீட்டில் அவளை விட்டுவிட்டு, சூரியநெல்லியில் ஓர் அறை எடுத்துத் தங்கி வேலை பார்த்தார் மேடம். என் கடைக்கு எதிரே உள்ள கலுங்கில்தான், ரோட்டுச் சிறு பாலத்தின் கட்டைச்சுவரில்தான், போனுக்கு சிக்னல் எடுக்கும். சாயங்காலமானால் அதன் மேல் உட்கார்ந்து மகளோடு பேசுவார். கணக்கில் எத்தனை தப்பு, டிபனில் மிச்சம் வைத்தது எது, யாரோடு சண்டை என்பதெல்லாம் அந்தக் கலுங்கில் நடக்கும். நானும் டீ ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தப் பெண்ணை நான் பார்க்கும் முன்பே அவளுக்குப் பாகற்காய் பிடிக்காது என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் அணைத் தண்ணீரைச் சுற்றி நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஒரு பாதை போட வேண்டும், அதற்கு எல்லா ஆபீசிலும் அனுமதி வாங்க வேண்டும் என்பதுதான் அவருக்குக் கொடுத்திருந்த வேலை. எங்கோ கடலோரத்து ஊர் ஒன்றில் இப்படி ஒரு பாதை போட்டு நல்ல பேர் வாங்கிவிட்டார்களாம். அதே மாதிரி இங்கேயும் என்று மேலே முடிவாகியிருந்தது. வரைபடமும் அங்கிருந்து வந்ததுதான் என்றார். அதில் பாதை தண்ணீரை ஒட்டியே போனது. கடலுக்கு யானை வராது. எங்கள் அணைக்கு வரும். புல்மேட்டிலிருந்து ஒரு பள்ளம் வழியாக இறங்கி, குட்டிகளோடு தண்ணீரில் கிடந்து, சில சமயம் எதிர்க்கரைக்கு நீந்திப் போகும். அதனால் மேடம் இரண்டாவதாக ஒரு வழி வரைந்தார். பள்ளத்துக்கு மேலே, பாறையின் தலைமாட்டில், தேயிலைச் சரிவின் தோளைச் சுற்றிப் போகிற வழி. அதில் ஏற்றம் அதிகம். எந்த இடத்தில் அதிகம் என்று அறியத்தான் அந்தச் சைக்கிள். மிதித்துக்கொண்டே வருவார், முடியாமல் இறங்கிய இடத்தில் மூங்கில் குச்சி அடிப்பார், அந்த இடத்தில் வழியை வளைப்பார்.

"நா எறங்குற எடத்துல கொழந்தைகளும் எறங்கும், வயசானவங்களும் எறங்குவாங்க. யாரும் எறங்காமப் போற மாதிரி இருக்கோணுமுங்க" என்பார்.

புதர் வெட்டிக் கொடுக்கிற வேலை எங்களுடையது. நூறு நாள் வேலைக்கு வருகிற பெண்களுக்கு நான் மேட், அதாவது ஆள் சேர்த்து, வேலை சொல்லி, கையெழுத்து வாங்குகிறவள். எங்கள் கூட்டத்தில் எனக்குச் சின்னம்மா முறையாகிற ஒருத்தி உண்டு. வாய் சும்மா இருக்காது. மேடம் வியர்க்க விறுவிறுக்க மிதித்து வருவதைப் பார்த்து, "ஏம்மா, ஒனக்கு கவர்மெண்டு சம்பளங் குடுத்து சைக்கிளா ஓட்டச் சொல்லுது? எங்களையும் அந்த வேலைக்கு எழுதிக்கிடும்மா" என்பாள். மேடம் சைக்கிளை அவள் பக்கம் நீட்டி, "வாங்க சின்னம்மா, ஏறுங்க. விழுந்தா நா அளந்துக்கறேன்" என்பார்.

இந்தப் பாதைக்கு அனுமதி வாங்கிக் கொடுத்துவிட்டால் ஊர்ப் பக்கம் மாற்றல் தருவதாக அவருடைய பெரிய ஆபீசர் சொல்லியிருந்தார். எங்களுக்கும் அது தெரியும். கலுங்கில் உட்கார்ந்து மகளிடம் அவர் சொல்வதுதான்: "பாதை பாஸாயிருச்சுன்னா அம்மா வந்துருவனாம் சாமி."

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்மா கொழுந்து எடுக்கப் போக, கைப்பிள்ளையாக இருந்த தம்பியைப் பார்க்க ஆள் இல்லாமல் என்னை ஏழாவதோடு நிறுத்தினார்கள். எழுதப் படிக்க வரும். ஆனால் படித்தவர்கள் முன்னால் நின்றால் குரல் வெளியே வராது. பயம் எனக்கு எப்போதுமே கூடுதல். போன் அடித்தால் யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைப்பேன். கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, கேஸை அணைத்தேனா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பேன். வீட்டுக்காரர் இருந்த காலத்தில், "நீ கவலப்படுறதுக்குன்னே ஒரு சம்பளம் போடணும்டி" என்று கேலி செய்வார். நடந்ததை இப்போது யோசிக்கும்போது, எல்லாம் இந்தப் பயத்தில்தான் தொடங்கியது, இந்தப் பயத்தால்தான் மேடத்தின் தலையிலும் போய் விடிந்தது என்று படுகிறது.

வனத்துறை, மின்வாரியம், எஸ்டேட், பஞ்சாயத்து எல்லோரும் ஒன்றாக வந்து வழியைப் பார்த்து முடிவு சொல்வது என்று ஒரு நாள் குறித்தார்கள். மேடம் அந்த வாரம் முழுக்க ஆபீஸ் ஆபீசாக அலைந்துகொண்டிருந்தார், கரைப் பக்கமே வரவில்லை. "நாளைக்கு ஆபீசருங்க வர்றாங்கக்கா" என்று எனக்குப் போனில் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்கு அதற்குப் பெயர் விசிட்.

விசிட் என்றால் என்ன என்று வெளியாட்களுக்குச் சொல்வது கஷ்டம். எஸ்டேட்டுப் பெரிய துரை வருகிறார் என்றால் நாங்கள் குடியிருக்கிற லயத்துச் சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள். சாக்கடை ஓரத்தில் சுண்ணாம்புத் தூள் கோடு போடுவார்கள். கிழிந்த துணி எதுவும் கொடியில் தொங்கக் கூடாது. சளி ஒழுகுகிற பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவார்கள். துரை வந்து நின்று, "குறை ஏதாவது இருக்கா?" என்பார். கூரை ஒழுகும், தண்ணீர் வராது, எல்லாம் இருக்கும். ஆனால் வாய் தானாக, "ஒன்னும் இல்லைங்க தொரை, எல்லாம் நல்லாருக்கு" என்று சொல்லும். அதைப் பொய் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. வீட்டுக்கு வந்தவரிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்கிற மாதிரி அது ஒரு மரியாதை.

மறுநாள் காலையிலேயே பெண்களைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனேன். பள்ளத்து முகப்பில் யானைச் சாணம் குவியல் குவியலாகக் கிடந்தது. சேற்றில் பானை வைத்து எடுத்த மாதிரி காலடிக் குழிகள். ஈரப் புல் மிதிபட்டுச் சாய்ந்து கிடந்தது. பார்க்க அசிங்கமாக இருந்தது, வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை. சாணத்தைக் கூடையில் அள்ளி ஏலத்தோட்டத்துக்கு அனுப்பினோம். குழிகளை மம்பட்டியால் மூடித் தட்டினோம். புல்லைச் செதுக்கினோம். இரண்டு பக்கமும் சுண்ணாம்புத் தூளில் நேர்கோடு போட்டோம். சின்னம்மா இடுப்பில் கையை வைத்து நின்று பார்த்துவிட்டு, "இம்புட்டுச் சுத்தமாக் கெடந்தா ஆனைக்கே காலு வைக்கக் கூசும்டி" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். யானைத் தடம் இருந்தால் பாதையையே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அப்போது என் மனதின் ஓரத்தில் இருந்ததா என்று பிறகு எத்தனையோ முறை கிளறிப் பார்த்திருக்கிறேன். இருந்திருக்கலாம். சத்தியமாக இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆபீசர்கள் வந்தார்கள். ரேஞ்சர் எங்கள் பக்கத்துக்கு மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை. எதிர்க்கரையில் யானை உண்டென்று அவருக்குத் தெரியும், இந்தக் கரையைப் பற்றித் தெரியாது. மேடம் பள்ளத்தைக் காட்டி, இந்த வழியாகத்தான் இறங்குகின்றன, அதனால்தான் மேல் வழி கேட்கிறேன் என்றார். ரேஞ்சர் சுற்றிப் பார்த்தார். செதுக்கிய புல்லும் வெள்ளைக் கோடும்தான் இருந்தன. திரும்பி, வரிசையாக நின்ற எங்களிடம், மேட் யார் என்று விசாரித்து, என்னைப் பார்த்து மலையாளத்தில் கேட்டார், இங்கே யானைத் தொந்தரவு உண்டா என்று. என் வாய் தானாகத் திறந்தது.

"தொந்தரவு ஒன்னும் இல்லைங்க சார். எல்லாம் நல்லாருக்கு."

மேடம் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "நா வந்தப்பப் பாத்தனுங்களே சார்" என்றார், முன்பிருந்த உறுதி இல்லாமல். இந்தப் பருவத்தில் அவை எதிர்க்கரைக்குப் போய்விட்டிருக்கும், எப்போதோ ஒரு தடவை வந்திருக்கும் என்று மின்வாரியத்து இன்ஜினீயர் சொன்னார். மேடம் மறுத்துப் பேசவில்லை. வெள்ளைக் கோட்டைப் பார்த்ததுமே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா என்று ஒரு சமயம் நினைப்பேன். ஊருக்குப் போகிற ஆசை அவர் கண்ணையும் கொஞ்சம் மறைத்ததோ என்று நினைப்பேன். உடனே, என் பாரத்தைக் குறைக்க அவர் மேல் பங்கு வைக்கிறேனே என்று கூசிப் போவேன்.

கீழ் வழிக்கே அனுமதி ஆகிவிட்டது. மேடத்துக்கு மாற்றலும் வந்துவிட்டது. ஊரே சந்தோஷப்பட்டது. பாதை வந்தால் கடை வரும், சைக்கிள் வாடகைக்கு விடலாம், பிள்ளைகள் திருப்பூருக்கு ஓட வேண்டாம். நான் மட்டும் சோறு இறங்காமல் திரிந்தேன். கண்ணை மூடினால் கரையில் பிள்ளைகள் மணி அடித்துக்கொண்டு சைக்கிளில் வருவார்கள், பள்ளத்திலிருந்து ஒற்றைக் கொம்பன் இறங்கும். யாரிடம் சொல்வது? சின்னம்மாவிடம் சொன்னேன். "ஆனை என்ன, ஒன்னையக் கேட்டுக்கிட்டா வருது? அதுக வழியக் கண்டு அதுக போயிரும். நீ போயி டீயப் போடு" என்றாள்.

மேடம் கிளம்புகிற அன்று காலை கடைக்கு வந்தார். மிச்சமிருந்த அரிசி, பருப்பு, ஒரு பிளாஸ்டிக் வாளி எல்லாவற்றையும் எனக்கென்று இறக்கி வைத்தார். பெட்டி ஜீப்பில் இருந்தது. மூணாறு போய், மறையூர் வழியாக உடுமலை இறங்கி, பொள்ளாச்சியில் பஸ் மாறினால் பொழுது சாய்வதற்குள் கோவிந்தாபுரம். மகள் பஸ் ஸ்டாப்புக்கே வந்து நிற்பாளாம். அதைச் சொல்லும்போது அவர் முகம் இருந்த இருப்பை நான் எப்படிச் சொல்வது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். டீ கிளாஸை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் ஒரு வாய் குடிக்கும் முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சாணம் அள்ளியது, குழியை மூடியது, கோடு போட்டது.

அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கும் இருந்துச்சுங்களா?"

"கூடை கூடையா இருந்துச்சு மேடம்."

"எப்பவும் வருதுங்களா?"

"எப்பவும் வரும். நாங்க பொறந்ததுல இருந்து வருது."

ஜீப்காரன் ஹாரன் அடித்து, "மேடம், பஸ்ஸு போயிரும், அப்பறம் என்னையச் சொல்லக் கூடாது" என்றான். மேடம் அணைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் அப்படியே கிளம்பிப் போயிருக்கலாம். கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் பெரிய ஆபீசர்கள். பாதை போட்டு, நாளைக்கு ஏதாவது ஆனாலும் கோவிந்தாபுரத்தில் போய் அவரை யாரும் கேட்கப் போவதில்லை. அவர் எழுந்து போய், "பெட்டிய எறக்குங்கண்ணா" என்றார். பிறகு கலுங்கில் ஏறி உட்கார்ந்து போன் போட்டார். "கண்ணு, அம்மா இன்னைக்கு வல்ல சாமி. இல்ல… நாளைக்கும் இல்ல." அதற்குப் பிறகு போனைக் காதில் வைத்தபடி வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கு மத்தியானம் நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு சோறு ருசித்தது. இன்றுவரை என்னை அறுப்பது அதுதான். பாரம் இறங்கிவிட்டதென்று நினைத்தேன். எங்கே இறங்கியது என்று பார்க்கவில்லை.

அவர் ஆபீசில் போய், தளத்தைச் சரியாகப் பார்க்காமல் அனுமதி வாங்கிவிட்டோம், மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். பெரிய ஆபீசர், கைக்கு வந்ததைத் தட்டிவிட்ட முட்டாள் என்று எல்லோர் முன்னாலும் பேசினாராம். ஊர்ப் பக்கத்து இடம் வேறு ஒருவருக்குப் போயிற்று. அறையை மறுபடி வாடகைக்கு எடுத்தார். அரிசியையும் வாளியையும் நான் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "வாளிய மட்டும் குடுங்கக்கா, அரிசி இருக்கட்டும்" என்றார்.

கிராமசபை கூடியது. பள்ளிக்கூட ஹாலில் இடம் இல்லாத கூட்டம். ஜீப் ஓட்டுகிறவர்களும் கடைக்காரர்களும் கொதித்துப்போயிருந்தார்கள். "பாஸான பாதைய நிப்பாட்டுனது யாரு? அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார் ஒருவர். "ஊருக்குப் போற அவசரத்துல மேடம் சரியாப் பாக்கல போலிருக்கு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது, அதற்குச் சிலர் சிரித்தார்கள். மேடம் எழுந்து, "நா சரியாப் பாக்கலீங்க. என்ர தப்புத்தானுங்க" என்றார். எங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சின்னம்மா முழங்கையால் என் விலாவில் இடித்து, "எந்திரிச்சுச் சொல்லுடி. இல்ல நாஞ் சொல்லவா?" என்றாள். அவள் கையைப் பிடித்து அழுத்திக்கொண்டேன். மேட் வேலை போய்விடும், எங்கள் பெண்கள் எல்லோருக்கும் வேலை நின்றுவிடும், இத்தனை பேர் முன்னால் குரல் வராது என்று காரணங்கள் வரிசையாக வந்தன. கிளம்புகிறவரிடம், தனியாக, அவருக்குப் பாரமாகிற நேரத்தில் எல்லாவற்றையும் சொல்ல முடிந்த எனக்கு, அவருக்கு உதவுகிற இடத்தில் எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "சொல்லியிருந்தா உங்களுக்கெல்லாம் வேலைய நிறுத்திருப்பாங்க. வுடுங்கக்கா" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலாம்.

அந்த மழையும் போய் அடுத்த மழையும் வந்தது. கேப் ரோட்டில் மண் சரிந்து மூணாறு வழி அடைபட்டிருந்த ஒரு சாயங்காலம், கலுங்கில் குடை பிடித்துக்கொண்டு பேசியவர் போனை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "பாப்பா பெரிய மனுசி ஆயிட்டாளாமுங்க அக்கா" என்று சிரித்தார். பிறகு, "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார். மறுநாள் விடிந்ததும் பூப்பாறை போய், போடிமெட்டு இறங்கி, தேனி, பழனி என்று சுற்றிக்கொண்டு போனார். போய்ச் சேர்வதற்குள் உள்ளூர் உறவுகள் எல்லாம் வந்து தண்ணீர் ஊற்றி, நாத்தனார்தான் முன்னின்று எல்லாம் செய்து முடித்திருந்தார். திரும்பி வந்தபோது எனக்கு ஒரு பொட்டலம் இனிப்புக் கொண்டுவந்தார்.

"பாப்பா எப்படியிருக்கு மேடம்?"

"நல்லாருக்கறா. என்னையப் பாத்து 'வாங்க'ன்னா. அவங்க அத்தைக்குப் பின்னால நின்னுக்கிட்டு." பிறகு, விளையாட்டு மாதிரி, "நீங்க அன்னைக்குச் சொல்லாம இருந்திருந்தா நா ஊட்டுல இருந்திருப்பனுங்க அக்கா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரிக்க முயன்றேன். அந்த இனிப்பை நான் தின்னவில்லை. எறும்பு மொய்க்கிறவரை அலமாரியிலேயே இருந்தது.

இரண்டாம் தடவை ஆபீசர்கள் வருகிற அன்று மேடம் முதல் ஆளாகக் கரைக்கு வந்து காவல் நின்றார். "ஒரு புல்லக்கூடத் தொடக் கூடாது. சின்னம்மா, அந்த வெளக்குமாறைக் கீழ போடுங்க" என்றார். சும்மா நிற்பது எங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆபீசர் வருகிறார், தரையில் சாணம் கிடக்கிறது, கை பரபரக்கிறது. "முந்தானையாலயாவது மூடிட்டு வரட்டா?" என்று சின்னம்மா கெஞ்சினாள். ரேஞ்சர் சாணத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். எழுந்து என்னிடம் வந்து அதே கேள்வியைக் கேட்டார். "வரும் சார்" என்றேன். அவ்வளவு சின்ன வார்த்தை. அதை முதல் தடவையே சொல்லியிருந்தால் ஒரு மகளுக்கும் தாய்க்கும் நடுவில் இரண்டு மழைக்காலம் மிச்சமாகியிருக்கும்.

மேல் வழிக்கு அனுமதி கிடைத்தது. மேடம் அந்த வழி முழுவதையும் ஒரு முறை மிதித்துப் பார்த்தார். எங்கும் இறங்கவில்லை. பிறகு வந்த மாற்றலில் ஊருக்குப் போனார். அந்த முறை அவர் விடைபெற வந்தபோது நான் வாயே திறக்கவில்லை. டீயை மட்டும் கொடுத்தேன்.

இப்போது பாதை இருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்தும் எர்ணாகுளத்திலிருந்தும் வருகிறார்கள். தேயிலைத் தோளைச் சுற்றி யாரும் இறங்காமல் மிதித்துப் போகிறார்கள். மேலே இருந்து பார்த்தால் பள்ளத்தில் யானைகள் இறங்குவது தெரியும். எங்கள் பெண்கள் குழுதான் சைக்கிள் வாடகைக்கு விடுகிறது. என் கடையும் இரண்டு மேசை பெரிதாகியிருக்கிறது. திறந்து வைத்தவர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. அதில் மேடத்தின் பெயர் இல்லை. ஓவர்சியர் பெயரை யார் கல்லில் போடுகிறார்கள். நல்ல வியாபாரம் நடக்கிற நாளில்தான் எனக்கு அவர் ஞாபகம் அதிகமாக வரும். கலுங்கின் மேல் இப்போது பையன்கள் உட்கார்ந்து போட்டோ எடுக்கிறார்கள். இது யாரோ ஒரு அம்மா விட்டுக் கொடுத்த இடம் என்று எனக்கு மட்டும் தோன்றும்.

போன மாதம் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. மேடம் இறங்கினார், கொஞ்சம் நரைத்திருந்தது. கூட மகள். காலேஜ் படிக்கிறாள், அம்மாவை விட உயரம். "இவங்கதான் கண்ணு அந்த டீக்கடை அக்கா" என்றார் மேடம். மகள் கைகூப்பினாள். ஊர் வழக்கப்படி அம்மாவிடம் 'ங்க' போட்டுத்தான் பேசினாள், அதில் வித்தியாசம் இல்லை. ஆனால் அம்மா நகர்ந்தால் இவள் நகர்ந்து இடம் விட்டாள். விருந்தாளிக்கு விடுகிற மாதிரி.

சைக்கிள் எடுக்கும்போது மகள் கீழே தண்ணீரைப் பார்த்து, "அங்க கரையிலயே போட்டிருக்கலாமில்லீங்க? தண்ணிக்குப் பக்கத்துல நல்லாருந்திருக்கும்" என்றாள்.

"ஆனை எறங்கற எடங்கண்ணு" என்றார் மேடம், ஹேண்டிலைத் திருப்பிக்கொண்டே. அதோடு அந்தப் பேச்சு முடிந்திருக்க வேண்டும். மேடம் முடித்துவிட்டார். நான்தான் முடிக்கவில்லை. "கரையிலதான் பாப்பா மொதல்ல பாஸாச்சு" என்று ஆரம்பித்தேன். கிராமசபையில் வராத குரல் எங்கிருந்துதான் வந்ததோ. சைக்கிள் எடுக்க நின்றவர்களும் எங்கள் பெண்களும் கேட்டுக்கொண்டிருக்க, பெட்டி இறங்கியது வரை எல்லாம் சொன்னேன். நாங்கள் கூட்டிப் பெருக்கியது, நான் சொன்ன பொய், அவர் தன் மேல் போட்டுக்கொண்டது. மேடம் நடுவில், "எதுக்குங்கக்கா இப்ப அதெல்லாம்" என்றார். நான் நிறுத்தவில்லை.

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நீங்க சொல்லாம இருந்திருந்தா அம்மா அன்னைக்கே வந்திருப்பாங்களா?"

"வந்திருப்பாக" என்றேன்.

அவள் சைக்கிளில் ஏறி மிதித்தாள். மேடம் பின்னால் போனார். முதல் வளைவு வரை இரண்டு சைக்கிளுக்கும் நடுவில் இடைவெளி அப்படியே இருந்தது. அதற்கப்பால் தேயிலை மறைத்துவிட்டது. வழக்கமாகச் சுற்றி வர ஆகிற நேரத்தைவிட வெகுநேரம் ஆயிற்று. நான் நாலு முறை அடுப்பை அணைத்து மூட்டினேன். மறுபடியும் என் பாரத்தை இறக்கிவிட்டேனா, இந்த முறை ஒரு சின்னப் பெண்ணின் தலையில்? வராத அம்மாவின் மேல் கோபமாக இருந்து பழகியிருந்தாள் அவள். அதையும் பிடுங்கிக்கொண்டேனா? வந்தார்கள். இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது அழுததாலா, காற்றில் மிதித்ததாலா, எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. டீ குடித்தார்கள். மகள் ஒரு கிளாஸ் முடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள்.

காரில் ஏறும்போது மேடம் என் கையைப் பிடித்து, "அக்கா, இனிமே ஏதாச்சும் சொல்லோணும்னா எனக்கு மட்டும் தனியா சொல்லுங்க, போதும்" என்றார், அதே பழைய சிரிப்போடு.

உள்ளே உட்கார்ந்திருந்த மகள் குனிந்து பார்த்து, "இல்லீங்க. எனக்கும் சொல்லுங்க" என்றாள்.

அவள் சிரித்தாளா என்று நான் பார்ப்பதற்குள் கார்க் கண்ணாடி ஏறிவிட்டது.